எம்ஓஎஸ்: சொல் விளக்கம்

டிவி செய்திப் பிரிவில் ‘எம்ஓஎஸ்’ என்று காதில் விழுந்தால், சொன்னது யார் என்று பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டர் என்றால், தெருவில் போகிறவரிடம் மைக்கை நீட்டி வாங்கும் கருத்து, அதாவது ‘மேன் ஆன் தி ஸ்ட்ரீட்’. தொழில்நுட்ப ஆள் என்றால் ‘மீடியா ஆப்ஜெக்ட் சர்வர்’, அதாவது செய்தி மென்பொருளும் வீடியோ சர்வர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறை (புரோட்டோகால்). இங்கே பேச்சு இரண்டாவதைப் பற்றி. அதை ‘மாஸ்’ என்று சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. நம் ஊரில் அதற்கு விசில் பறக்கும்.

செய்தி எழுதுவதும் அடுக்குவதும் ஒரு மென்பொருளில் நடக்கும். ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் ஈஎன்பிஎஸ், அவிட்டின் ஐநியூஸ் போன்றவை. வீடியோவும் கிராபிக்ஸும் வேறு கம்பெனிகளின் சர்வர்களில் கிடக்கும். ஜோடிக்கு ஜோடி தனி இணைப்பு எழுதி மாளாது. 1998-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ஏபி நடத்திய ஈஎன்பிஎஸ் மாநாட்டில்தான், எல்லோருக்கும் பொதுவான இந்த நெறிமுறை வேர் விட்டது.

பெயரின் நடுவில் உள்ள ‘ஆப்ஜெக்ட்’தான் விஷயமே. எழுதுகிறவர் ஒரு கிளிப்பை இழுத்து ஸ்கிரிப்டில் போடும்போது வீடியோ இடம் மாறுவதில்லை. அதன் அடையாள எண், தலைப்பு, நீளம் போன்ற விவரம் மட்டும் எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட உரை வடிவில் வந்து உட்காரும். இந்த விவரங்கள் போய்வர 10540 என்ற போர்ட் (கணினியின் இணைப்பு வாசல் எண்), செய்தி வரிசைக்கு 10541. மூன்றாவது செய்தியை புரொடியூசர் முதலுக்கு ஏற்றினால் உடனே ஒரு தகவல் பறக்கும். ஒளிபரப்புப் பக்கத்தில் கிளிப்பும் முதலுக்கு ஏறிக்கொள்ளும். இரு பக்கமும் ‘இருக்கிறாயா?’ என்று அவ்வப்போது கேட்டுக்கொள்வதன் பெயர் ஹார்ட்பீட். தமிழில் ‘துடிப்பு’ போதும்.

தமிழாக்கத்துக்கு வருவோம். புரோட்டோகால் கிரேக்கச் சொல். பப்பைரஸ் சுருளின் முகப்பில் ஒட்டிய முதல் தாளைக் குறித்தது. நமக்கு ‘நெறிமுறை’ நிலைத்துவிட்டது. சர்வருக்கு வழங்கி, சேவையகம் இரண்டும் புழக்கத்தில் உள்ளன. கேட்டதை எடுத்துத் தருவதால் என் ஓட்டு வழங்கிக்கு. ஆப்ஜெக்டுக்குப் ‘பொருள்’ என்றால் அர்த்தம் என்றும் படிக்கலாம்தான். ஆனால் ‘பொருள்நோக்கு நிரலாக்கம்’ (ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்) பழகிய காதுக்கு உறுத்தாது. ஆக, ‘ஊடகப் பொருள் வழங்கி நெறிமுறை’. நீளம்தான், முதல் தடவை இப்படி எழுதிவிட்டு அப்புறம் எம்ஓஎஸ் என்றே போகலாம்.

சிக்கல் ‘ரன்டவுன்’ என்ற சொல்லில்தான், அதாவது எந்தச் செய்திக்குப் பின் எது என்று அடுக்கிய பட்டியல். இந்த நெறிமுறையின் கட்டளைகள் பல ‘ஆர்ஓ’ என்று தொடங்கும். அது ‘ரன்னிங் ஆர்டர்’, பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்களுக்கு அதுவே ரன்டவுன். ‘செய்தி நிரல்’ அழகாக இருக்கிறது, ஆனால் கணினித் தமிழில் நிரல் என்றால் புரோகிராம். கையேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பம். ‘செய்தி வரிசை’ என்று வையுங்கள். “அந்த மழைச் செய்தியை வரிசையில் இரண்டாவதா போடு” என்றால் நேற்று சேர்ந்த பையனுக்கும் விளங்கும்.