கதிர்வீச்சின் கணக்கை வைத்திருக்கும் படிகம்

இந்தியாவில் எக்ஸ்-கதிர் அறைகளிலும் புற்றுநோய்க் கதிர்சிகிச்சைக் கூடங்களிலும் அணுமின் நிலையங்களிலும் பணிபுரிவோர் மார்பில் அணியும், கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. (வெப்ப ஒளிர்வு அளவி) பேட்ஜினுள், டெஃப்லானுடன் கலந்து அழுத்திச் செய்யப்பட்ட மூன்று வெண்ணிற வில்லைகள் இருக்கின்றன. அவற்றில் வேலை செய்யும் பொருள், ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் தனிமம் சேர்க்கப்பட்ட கால்சியம் சல்பேட். கதிர்வீச்சு பட்ட வில்லையைப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. ஆய்வகத்தில் அதைச் சூடாக்கும்போதுதான் அது சில நொடிகள் மங்கலாக ஒளிர்கிறது. அந்த ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாயால் அளந்து, அணிந்தவர் மீது விழுந்த கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடுகிறார்கள். இதற்கு வெப்ப ஒளிர்வு என்று பெயர்.

கால்சியம் சல்பேட் ஒரு மின்காப்புப் பொருள். அதன் எலக்ட்ரான்கள் அணுக்களோடு இறுகப் பிணைந்திருப்பதால், சாதாரண வெளிச்சத்தாலோ அறை வெப்பத்தாலோ அவை படிகத்தினுள் உலவ முடியாது. எக்ஸ்-கதிரோ காமாக் கதிரோ ஊடுருவும்போது பல எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து, அவை விட்டுச்சென்ற இடங்களில் நேர்மின் தன்மையுள்ள துளைகள் தோன்றுகின்றன. பெரும்பாலானவை உடனே மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. மிகச் சிறு பகுதி மட்டும் படிகத்தின் குறைபாடுள்ள இடங்களில், அதாவது பொறி மையங்களில், அகப்பட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. துளைகள் தங்கும் இடங்களாகச் சல்பேட் தொகுதிகளே அமைகின்றன.

இக்குறைபாடுகள் உருவாவதில் அருமண் அயனிக்குப் பங்கு உண்டு. கால்சியம் அயனியின் மின்னூட்டம் இரண்டு. அதன் இடத்தில் அமரும் டிஸ்ப்ரோசியத்தின் மின்னூட்டம் மூன்று. கூடுதலாக வந்த மின்னூட்டத்தை ஈடுகட்ட, இரண்டு டிஸ்ப்ரோசியம் அயனிகளுக்கு ஒரு கால்சியம் இடம் காலியாக விடப்படுகிறது. அந்த வெற்றிடத்தின் அருகிலுள்ள சல்பேட் தொகுதியில் அகப்படும் துளை எளிதில் வெளியேறுவதில்லை. வில்லையை 220 அல்லது 230 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் அது விடுபட்டு எலக்ட்ரானுடன் சேர்கிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல் அருகிலுள்ள டிஸ்ப்ரோசியத்துக்குப் போய், 480 நானோமீட்டர் அலைநீளத்தில் நீல ஒளியாகவும் 575 நானோமீட்டரை ஒட்டி மஞ்சள் ஒளியாகவும் வெளிவருகிறது.

டிஸ்ப்ரோசியம் கதிர்வீச்சைச் சேமித்து வைக்கிறது என்று பலர் எழுதுவது சரியான விளக்கம் அல்ல. கணக்கை எழுதி வைப்பவை படிகக் குறைபாடுகள். அக்குறைபாடுகள் உருவாகத் துணை செய்தாலும், பதிவைப் பொறுத்தவரை அதை உரக்கப் படித்துக் காட்டும் வேலை மட்டுமே டிஸ்ப்ரோசியத்துடையது. 1960களின் இறுதியில் ஜப்பானில் யமஷிடா குழுவினர் டிஸ்ப்ரோசியத்துடனும் தூலியம் என்ற இன்னோர் அருமண் தனிமத்துடனும் தனித்தனியே உருவாக்கிய கால்சியம் சல்பேட் பொருள்களே இதற்குச் சான்று. இரண்டும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் ஒளிர்கின்றன. ஒளியின் நிறம் மட்டும் அந்தந்த அயனிக்கு உரியதாக இருக்கிறது. அருமண் அயனிகளில் ஒளியை உண்டாக்கும் எலக்ட்ரான்கள் வெளிக்கூடுகளால் மறைக்கப்பட்ட உட்கூட்டில் இருப்பதால், சுற்றுப்புறம் மாறினாலும் நிறமாலைக் கோடுகள் பெரிதாக நகர்வதில்லை. 1895இலேயே வீடெமன், ஷ்மிட் ஆகியோர் ஆராய்ந்த மாங்கனீசு சேர்ந்த கால்சியம் சல்பேட்டோ 100 டிகிரிக்குச் சற்றுக் குறைவான வெப்பத்திலேயே ஒளிர்ந்துவிடும். அதில் பதிவான தகவல் அறை வெப்பத்திலேயே சில நாட்களில் பெருமளவு கரைந்துபோகும் என்பதால், மூன்று மாதம் அணிய வேண்டிய பேட்ஜுக்கு அது உதவாது.

டிஸ்ப்ரோசியம் வில்லைக்கும் ஒரு குறை உண்டு. கால்சியமும் கந்தகமும் மனிதத் திசுவின் அணுக்களைவிடக் கனமானவையாதலால், ஆற்றல் குறைந்த எக்ஸ்-கதிர்களை அவை திசுவைவிட மிக அதிகமாக உறிஞ்சுகின்றன. 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி அளவு ஏறத்தாழ பத்து மடங்கு மிகைப்பட்டுத் தெரியும். மூன்று வில்லைகள் வைப்பதன் காரணம் இதுதான். ஒன்றின் முன்னே உலோகத் தகடும் மற்றொன்றின் முன்னே பிளாஸ்டிக்கும் இருக்க, மூன்றாவது திறந்திருக்கிறது. மூன்று அளவீடுகளின் விகிதத்தைக் கொண்டு எந்த வகைக் கதிர் பட்டது என்று கண்டறிந்து திருத்திக்கொள்கிறார்கள்.

சமாரியம் என்ற மற்றோர் அருமண் தனிமத்தில் நடப்பது வேறு. அதன் மூன்று மின்னூட்ட அயனி கதிர்வீச்சினால் விடுபட்ட எலக்ட்ரானைத் தானே ஏற்று, இரண்டு மின்னூட்ட அயனியாக மாறக்கூடியது. இங்கே மாறுவது ஒளியின் அளவு மட்டுமல்ல, நிறமும்தான்: 600 நானோமீட்டரை ஒட்டிய செம்மஞ்சள் குறைய, 680 நானோமீட்டருக்கு அப்பாலான ஆழ்ந்த சிவப்பு எழுகிறது. இரண்டு நிறங்களின் விகிதத்தைப் பார்த்தாலே கதிர்வீச்சின் அளவு தெரிந்துவிடும். சூடாக்க வேண்டியதில்லை, படிப்பதால் பதிவும் அழிந்துவிடுவதில்லை. சில பத்து மைக்ரோமீட்டர் அகலமே உள்ள எக்ஸ்-கதிர்க் கற்றைகளைப் பயன்படுத்தும் நுண்கற்றைச் சிகிச்சை ஆய்வுகளுக்காக, கனடாவின் சாஸ்கடூனில் சமாரியம் கலந்த கண்ணாடிகளை இவ்வாறு சோதித்திருக்கிறார்கள். கண்ணாடியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, கற்றை விழுந்த இடத்தையும் இரு கற்றைகளுக்கு இடையே கசிந்த அளவையும் தனித்தனியே படிக்க முடிகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகாகத் தோன்றும் அளவீட்டு முறை இதுதான்.

யூரோப்பியம் என்ற அருமண் தனிமம் சேர்ந்த பேரியம் ஃபுளோரோபுரோமைடு, 1983 முதல் ஃபியூஜி நிறுவனத்தின் வழியாக மருத்துவமனைகளுக்கு வந்த எக்ஸ்-கதிர்ப் படத் தகடுகளின் அடிப்படை. அதில் சேமிப்பை விடுவிப்பது வெப்பம் அல்ல, சிவப்பு லேசர். வெளிவருவது 390 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளி.

கதிர்வீச்சின் அளவு மிகும்போது கணக்கு பிறழத் தொடங்குகிறது. டிஸ்ப்ரோசியம் வில்லையில் சில பத்து கிரேக்கு (கிரே என்பது உறிஞ்சப்பட்ட கதிர்வீச்சின் அலகு) மேல் போனால், ஒளி கதிர்வீச்சின் விகிதத்தைவிட வேகமாகக் கூடும். இன்னும் மேலே, பொறி மையங்கள் நிரம்பியபின் கூடாமல் நின்றுவிடும். புதிதாக உருவாகும் நிற மையங்கள், அதாவது ஒளியை உறிஞ்சும் குறைபாடுகள், படிகத்தினுள்ளேயே ஒளியை விழுங்குவதும் உண்டு. அயனியின் ஒளிரும் திறன் கெடாமலேயே வெளிவரும் ஒளி குறைவதால், இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. விண்வெளிக் கருவிகளில் பயன்படும் எர்பியம் கலந்த ஒளியிழைகள் இதேபோலக் கருக்கின்றன. அவற்றோடு சீரியத்தைச் சேர்ப்பது கருமையைக் குறைக்கும் வழிகளில் ஒன்று.

படித்து முடித்த வில்லையை மீண்டும் பயன்படுத்துவதற்காகச் சில மணி நேரம் சூட்டில் வைத்து, எஞ்சியவற்றை வெளியேற்றுகிறார்கள். டெஃப்லான் 327 டிகிரியில் உருகிவிடும் என்பதால் மிக ஆழமான பொறி மையங்களை இவ்வகையில் காலியாக்க முடியாது. இந்தக் குறை சில நேரம் கைகொடுக்கிறது. ஒரு பேட்ஜின் அளவு ஐயத்துக்கிடமாக இருந்தால், ஏற்கெனவே படித்த வில்லையின் மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, ஆழத்தில் எஞ்சியவற்றை ஆழம் குறைந்த மையங்களுக்கு மாற்றி, மீண்டும் சூடாக்கி, முதல் அளவீட்டைச் சரிபார்க்கலாம்.