போட்டோதெரபி: ஒளிச்சிகிச்சை

"பிள்ளைக்கு மஞ்சள் ஏறியிருக்கு, லைட்ல வைக்கணும்" என்பார் நர்ஸ். அதுவே டிஸ்சார்ஜ் சீட்டில் 'போட்டோதெரபி' என்று இருக்கும். போட்டோ என்றதும் நமக்குப் படம்தான் நினைவுக்கு வரும். ஆனால் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ஒளி என்றுதான் பொருள். 'தெரபேயா' என்பது பணிவிடை, நோய் தீர்த்தல். பள்ளிப் பாடத்தில் ஒளிச்சேர்க்கை என்று படித்தோமே, அதன் ஆங்கிலப் பெயரின் முன்பாதியும் இதே 'போட்டோ'தான்.

ஒளியால் நோயைத் தீர்ப்பது பழைய சங்கதி. தோல் காசநோய்க்கு ஒளியைப் பயன்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென் 1903-லேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார். பச்சிளம் குழந்தையின் காமாலைக்கு (இலங்கையில் செங்கண்மாரி) அது வந்து சேர்ந்த கதை வேறு.

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு மருத்துவமனை. 1956-இல் அங்கே குறைமாதக் குழந்தைகளைக் கவனித்துவந்த, வார்டு என்ற பெயருடைய தலைமைச் செவிலியர் (சிஸ்டர்), நல்ல வெயில் நாட்களில் பிள்ளைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒருநாள் ஒரு குழந்தையின் துணியை விலக்கி மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருக்க, ஓர் இடம் மட்டும் முக்கோணமாக அடர்மஞ்சளில் இருந்தது. துணியின் முனை மூடியிருந்த இடம் அது! அப்புறம், ஜன்னலோரம் வெயிலில் கிடந்த சோதனைக்குழாய் ஒன்றில் இருந்த இரத்தத்திலும், மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருளின் அளவு குறைந்திருந்தது தெரியவந்தது. டாக்டர் கிரீமர் குழுவினர் நீல ஒளிக் குழல்விளக்குகளை வைத்துச் சோதித்து, 1958-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். மருத்துவர்களுக்கு முன்னால் அதைக் கவனித்தவர் ஒரு செவிலியர் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஒளி என்ன செய்கிறது? இரத்தத்தின் பழைய சிவப்பணுக்கள் உடையும்போது இந்தப் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. அது தண்ணீரில் கரையாது. கல்லீரல் மாற்றிக் கொடுத்தால்தான் வெளியேறும். பிறந்த சில நாட்களுக்குக் கல்லீரலுக்கு அந்த வேகம் போதாது. மிக அதிகமாகச் சேர்ந்தால் மூளையைப் பாதிக்கும். சுமார் 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி தோலில் படும்போது, பிலிருபின் மூலக்கூறின் வடிவம் மாறிக் கரையக்கூடியதாகிறது. கல்லீரலின் மாற்று வேலைக்குக் காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் போய்விடும். அதனால்தான், கண்ணை மட்டும் பாதுகாப்புக்காகக் கட்டி, டயப்பரைத் தவிர வேறு துணியில்லாமல் படுக்க வைக்கிறார்கள். தோல் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு நல்லது. பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. மலம் கொஞ்சம் இளகிப் பச்சையாகப் போனால், பெரும்பாலும் அது இந்தச் சிகிச்சையால் வருவதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒளிக்கதிர் சிகிச்சை' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. புற்றுநோய்க்குத் தரும் கதிர்வீச்சு சிகிச்சையோடு அது குழம்பும். 'கதிர்' என்று காதில் விழுந்தாலே பெற்றவள் கலங்கிப்போவாள். 'ஒளிப்பண்டுவம்' தனித்தமிழ், நல்ல சொல்தான், ஆனால் வார்டில் சொன்னால் யாருக்கும் விளங்காது. 'ஒளி மருத்துவம்' ஒரு துறையின் பெயர்போல ஒலிக்கிறது. 'ஒளிச்சிகிச்சை'யே போதும். சிகிச்சை வடசொல்லாயிற்றே என்றால், காமாலையும் அப்படி வந்ததுதான்.

"பெட்டியில வெச்சிருக்காங்க" என்று உறவினர்கள் சொல்வதும் உண்டு. அது சூடு காக்கும் இன்குபேட்டரையும் குறிக்கும் என்பதால், எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அதேபோல இளவெயிலில் காட்டுவது ஒளிச்சிகிச்சைக்கு ஈடாகாது. வெயிலில் ஒளியின் அளவு நம் கையில் இல்லை, கூடவே புற ஊதாக் கதிரும் சூடும் வரும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்குப் புற ஊதாக் கதிரைக் கொண்டு செய்வதும் ஆங்கிலத்தில் இதே பெயரில்தான் வழங்குகிறது. இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுத நேர்ந்தால் குழந்தைக்குரியதை 'நீல ஒளிச்சிகிச்சை' என்றும், மற்றதைப் 'புற ஊதா ஒளிச்சிகிச்சை' என்றும் பிரித்து எழுதலாம்.