ஜனவரி 1 அன்று அது வெறும் மனை

போன வருடம் பிப்ரவரியில் ஒரு தம்பியிடமிருந்து அழைப்பு. குரலே சரியில்லை. "அக்கா, பேங்க்ல ஏதோ தப்பு பண்ணிட்டாங்க. மாசத் தவணை ஆயிரத்து முந்நூறு டாலர் ஏறியிருக்கு. நாம ஃபிக்ஸட் ரேட்தானே எடுத்தோம்?"

ஃபிக்ஸட் ரேட்தான், வட்டி மாறாது. பேங்க் தப்புப் பண்ணவில்லை. அந்தக் கடனைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். இப்படி ஒரு கடிதம் வரும் என்று க்ளோசிங் அன்று, அதாவது வீட்டுக் காகிதங்களில் கையெழுத்துப் போடும் நாளில், அவரிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு மேசைமேல் நூறு பக்கத்துக்குக் குறையாமல் காகிதம், மடியில் குழந்தை, வெளியே பால் காய்ச்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாமியார். யார் காதில் விழும்?

டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே காலின் கவுன்ட்டியில் வீட்டுக் கடன் பார்ப்பது என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். 1970-ல் இந்தக் கவுன்ட்டியின் மக்கள்தொகை 67 ஆயிரத்தைத் தொடவில்லை. 2020 கணக்கெடுப்பில் 10 லட்சத்து 64 ஆயிரம். ஃப்ரிஸ்கோ 1990-ல் 6 ஆயிரம் பேர் இருந்த சின்ன ஊர். 2020-ல் 2 லட்சம். 2023-ல் அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த நகரம் இங்குள்ள செலைனா, 2024-ல் இங்குள்ள ப்ரின்ஸ்டன். வளர்ச்சி என்றால் இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதே 2024 செப்டம்பரில் ப்ரின்ஸ்டன் நகர மன்றம் புதுக் குடியிருப்புகளுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் சாலையும் வீடுகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

அந்தக் குழாய்க்கும் சாலைக்கும் யார் காசு கொடுப்பது என்பதுதான் நான் இங்கே பேச வந்தது. ஏனென்றால், அது பெரும்பாலும் நீங்கள்தான்.

ஃபீல்ட்ஸ் என்ற திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஃப்ரிஸ்கோவின் வடக்கில், 2,500 ஏக்கருக்கு மேல். பெயரைக் கேட்டு 'வயல்கள்' என்று நினைக்கிறோம். ஃபீல்ட்ஸ் என்பது பண்ணைக்குச் சொந்தக்காரராக இருந்தவரின் குடும்பப் பெயர். மாடு மேய்ந்த நிலம். இன்று அங்கே அமெரிக்க கோல்ஃப் தொழில்முறையாளர் சங்கத்தின் (பிஜிஏ) தலைமையகம் இருக்கிறது, ஃப்ளோரிடாவிலிருந்து 2022-ல் இடம்பெயர்ந்து வந்தது. பக்கத்தில் இரண்டு கோல்ஃப் மைதானம், 2023-ல் திறந்த ஆம்னி விடுதி. 2027-ல் பிஜிஏ சாம்பியன்ஷிப் போட்டி அங்கேதான். அருகிலேயே யுனிவர்சல் நிறுவனத்தின் குழந்தைகள் பூங்கா. மீதி நிலத்தில் தனி வீடுகள், வரிசை வீடுகள், அடுக்குமாடி, அலுவலகம், கடைவீதி எல்லாம் ஒரே திட்டத்துக்குள். இதைத்தான் 'மிக்ஸட் யூஸ்' என்கிறார்கள். கீழே கடை, மேலே வீடு என்பது நம் ஊரில் ஒவ்வொரு பஜார் தெருவிலும் இருக்கிற சங்கதி. இங்கே அதற்கு மாஸ்டர் ப்ளான், அதன் மேல் ஒரு பெயர்ப் பலகை, அதற்குத் தனி விலை.

இந்த மாதிரித் திட்டத்தில் வீடு வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது சேல்ஸ் ஆபீசில் சுவர் முழுக்க மாட்டியிருக்கும் வண்ண வரைபடம். பச்சையில் பூங்கா, நீலத்தில் ஏரி, ஓரத்தில் மஞ்சளாக ஒரு திட்டு, அதில் 'வருங்காலக் கலப்புப் பயன்பாடு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். விற்பனைப் பெண்ணிடம் கேட்டால், "காபி ஷாப், ரெஸ்டாரன்ட் எல்லாம் வரும், நடந்தே போகலாம்" என்பார். பொய் என்று சொல்ல மாட்டேன். வரலாம். நானூறு குடித்தனங்கள் கொண்ட நான்கு மாடி அடுக்குமாடியும் வரலாம், பெட்ரோல் பங்கும் வரலாம். படத்தின் கீழ் மூலையில் எறும்பு சைஸில் இருக்கும் வரியைப் படியுங்கள்: இது கருத்துப் படம் மட்டுமே, மாறக்கூடியது.

மாறாத படம் வேறு இடத்தில் இருக்கிறது. இவ்வளவு பெரிய திட்டங்களுக்கு நகரம் தனியாக ஒரு சட்டமே போடும். 'ப்ளான்ட் டெவலப்மென்ட்', சுருக்கமாகப் பிடி என்பார்கள். எந்தத் துண்டில் எத்தனை வீடு, எத்தனை மாடி, கடைக்கும் வீட்டுக்கும் எவ்வளவு இடைவெளி எல்லாம் அதில் எழுத்தில் இருக்கும். நகராட்சித் திட்டத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் அனுப்பிவிடுவார்கள், காசில்லை. அந்தச் சட்டத்தையும் திருத்தலாம்தான், ஆனால் திருத்த விசாரணை நடத்த வேண்டும். விசாரணைக் கடிதம் 200 அடிக்குள் சொத்து உள்ளவர்களுக்குத்தான் வீடு தேடி வரும். உங்கள் வீடு 250 அடியில் இருந்தால் பக்கத்துத் தெருக்காரர் சொல்லித்தான் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் 'எதிர்ப்புக் கையெழுத்துப் போடுங்கள்' என்று செய்தி வரும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அதிலும் பாதி இடங்களில், அடுக்குமாடிக்கான அனுமதி அந்த வீடுகள் கட்டுவதற்கு முன்பே சட்டத்தில் இருந்திருக்கும்.

சரி, காசுக்கு வருவோம்.

மாடு மேய்ந்த நிலத்தில் குழாய் கிடையாது. அதைப் போட டெக்சஸில் இரண்டு வழி அதிகம். நகர எல்லைக்கு வெளியே என்றால் பெரும்பாலும் 'மட்'. நகராட்சிப் பயன்பாட்டு மாவட்டம் என்பதன் சுருக்கம், சேறு என்று பொருள் வரும்படியே உச்சரிப்பார்கள். அது கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டிக் குழாய் போடும், உங்கள் வீட்டு மதிப்பின்மேல் வரி போட்டு அடைக்கும். அந்தப் பத்திரங்களுக்கு வாக்காளர் ஒப்புதல் வேண்டும். வீடே இல்லாத நிலத்தில் வாக்காளர் யார்? ட்ரெய்லர் வீட்டில் நாலைந்து பேரைக் குடிவைத்து, அவர்கள் வாக்களித்துப் பல கோடி டாலர் கடனுக்குச் சம்மதம் தந்த கதைகள் இந்த மாநிலத்தில் உண்டு. சட்டப்படியே. முதலில் கேட்டபோது நானும் நம்பவில்லை.

நகர எல்லைக்குள் என்றால் அதிகம் 'பிட்'. பொது மேம்பாட்டு மாவட்டம். செலைனா பக்கம் போனால் இது இல்லாத புதுக் குடியிருப்பைத் தேட வேண்டும். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இது வரியே அல்ல. மனை ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை உங்கள் சொத்தின்மேல் பாரமாக ஏற்றி, அதை வட்டியோடு இருபது முப்பது வருடத்துக்குத் தவணையாக வசூலிப்பார்கள். வீட்டு மதிப்பு குறைந்தாலும் இது குறையாது. வரிக்காக வீட்டு மதிப்பைக் கணிக்கும் மதிப்பீட்டு அலுவலகத்தில் எதிர்த்து வாதாடினாலும் இதைத் தொடாது. நாமே குடியிருக்கிற வீட்டுக்குக் கிடைக்கும் சொந்த வீட்டு வரிவிலக்கு இதற்குப் பொருந்தாது. 'எங்கள் வரி விகிதம் குறைவு' என்று விளம்பரம் போடும்போது இது அந்த விகிதத்துக்குள் இருக்காது.

என் மேசைக்கு வரும் கோப்புகளில் ஆண்டுக்கு 2,000 முதல் 4,000 டாலர் வரை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதுரை ஜோடி. இருவரும் ப்ளேனோவில் வேலை. ஆன்லைனில் எங்கோ ப்ரீ அப்ரூவல் (கடன் கிடைக்கும் என்ற முன்னொப்புதல்) வாங்கி, பில்டரிடம் முன்பணம் கட்டி, டைல்ஸ் கலர்வரை தேர்ந்தெடுத்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார்கள். கோப்பைப் பிரித்தால் 'பிட்' ஆண்டுக்கு 3,400. மாதத்துக்கு 283. கார்க் கடன் இரண்டு வேறு இருந்தது. வருமானத்துக்கும் கடனுக்கும் உள்ள விகிதம் வரம்பைத் தாண்டி நின்றது. அந்தப் பெண் கேட்ட கேள்வி இன்னும் மறக்கவில்லை: "இது முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல அக்கா, ஏன் யாரும் சொல்லல?"

சொல்லியிருந்தார்கள். ஒப்பந்தத்தோடு சேர்த்து அனுப்பிய இணைப்பில் பதினோராவது பக்கத்தில் இருந்தது, இருவரும் மின்கையெழுத்தும் போட்டிருந்தார்கள். 2021 செப்டம்பரிலிருந்து சட்டம் இதில் கறாராகிவிட்டது: ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்துவதற்கு முன்பே 'பிட்' அறிவிப்பு கைக்கு வர வேண்டும்; வராவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலக உங்களுக்கு உரிமை உண்டு. பாதுகாப்பு நல்ல பாதுகாப்புதான். ஆனால் போனில் மஞ்சள் பொத்தானைத் தட்டித் தட்டிக் கையெழுத்துப் போடுகிறவருக்கு எந்தச் சட்டமும் உதவாது. அவர்கள் கடைசியில் ஒரு கார்க் கடனை அடைத்து வீட்டை வாங்கினார்கள். ஊரிலிருந்து பணம் வர வேண்டியிருந்தது.

இப்போது தம்பியின் கதை. டெக்சஸில் சொத்து வரி ஜனவரி 1 அன்று அங்கே என்ன இருந்ததோ அதற்குத்தான். அவர் வாங்கியது 2023 மே மாதம். அந்த ஜனவரி 1 அன்று அது வெறும் மனை, ஓரத்தில் ஒரு சிவப்புக் கொடி. ஆகவே 2023-க்கு மனை வரி மட்டும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். வீடு 7 லட்சம் டாலர், மனை மட்டும் ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். ஃப்ரிஸ்கோவில் நகரம், கவுன்ட்டி, பள்ளி, சமுதாயக் கல்லூரி எல்லாம் சேர்த்து 100 டாலர் மதிப்புக்கு வரி ஏறக்குறைய 1.70. மனைக்கு வருட வரி 2,550, மாதம் 212. முழு வீட்டுக்கு 11,900, மாதம் 992. கடன் தகுதி பார்க்கும்போது நாங்கள் முழு வீட்டு வரியை வைத்துத்தான் பார்ப்போம். ஆனால் வரிப் பணத்தைத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் மாதாமாதம் பிடிப்பது பல நேரம் கைவசம் இருக்கிற பில்லை வைத்து, அதாவது மனை வரியை வைத்து. 2024 கடைசியில் முழு வீட்டு பில் வருகிறது. தவணை வசூலிக்கும் நிறுவனமான சர்வீசர் தன் கையிலிருந்து கட்டிவிட்டு உங்கள் கணக்கைப் பார்க்கிறார்: 9,350 பள்ளம். இனிமேல் மாதம் 780 கூடுதலாக வேண்டும், பழைய பள்ளத்தை ஒரு வருடத்தில் நிரப்ப இன்னொரு 780. மொத்தம் 1,560. சொந்த வீட்டு விலக்குகள் கழிந்ததால் தம்பிக்கு 1,300-ல் நின்றது. பள்ளம் நிரம்பியதும் பாதி இறங்கும். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வழி இருக்கிறது. எஸ்க்ரோவை முதல் மாதத்திலிருந்தே முழு வீட்டு மதிப்புக்குப் போடச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் அந்த வித்தியாசத்தை வேறு கணக்கில் மாதாமாதம் போட்டு வையுங்கள், பில் வரும்போது எடுங்கள். முழு மதிப்பு எவ்வளவு வரும் என்று தெரியவில்லையா? காலின் மதிப்பீட்டு மாவட்டத்தின் (முன்பு சொன்ன மதிப்பீட்டு அலுவலகம்தான்) இணையதளத்தில், அதே தெருவில் இரண்டு வருடத்துக்கு முன் முடிந்த வீட்டின் முகவரியைப் போட்டுப் பாருங்கள். எந்தெந்த அமைப்பு வரி போடுகிறது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கும். ஃப்ரிஸ்கோவின் மேற்குப் பகுதி டென்ட்டன் கவுன்ட்டி. அதற்கு அவர்கள் தளம்.

அந்தப் பட்டியலில் பள்ளி மாவட்டத்தின், அதாவது அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், பெயரையும் பாருங்கள். முகவரியில் ஃப்ரிஸ்கோ என்று இருந்தால் ஃப்ரிஸ்கோ பள்ளி மாவட்டம் என்று அர்த்தமில்லை. நகரின் சில பகுதிகள் ப்ராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் பள்ளி மாவட்டங்களில் விழுகின்றன. 'பக்கத்திலேயே ஸ்கூல் வரும்' என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். இவ்வளவு வளரும் ஊரில்தான் 2024 டிசம்பரில் ஸ்டேலி நடுநிலைப் பள்ளியை மூட முடிவெடுத்தார்கள். பழைய பகுதிகளில் பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், புதுப் பிள்ளைகள் வடக்கே இருக்கிறார்கள். எல்லைக்கோடுகள் நகர்ந்துகொண்டே இருக்கும்.

பில்டரின் சொந்தக் கடன் நிறுவனத்தில் வாங்கினால் இருபதாயிரம் தள்ளுபடி என்பார்கள். இதில் எனக்கும் பிழைப்பு இருக்கிறது, அதனால் நான் சொல்வதை அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு கேளுங்கள். சில நேரம் அது உண்மையிலேயே நல்ல விலை. நானே 'அங்கேயே போங்க' என்று அனுப்பியிருக்கிறேன். இரண்டு இடத்திலும் லோன் எஸ்டிமேட் என்ற கடன் செலவுக் கணிப்புத் தாளை வாங்கி அருகருகே வையுங்கள். வட்டி விகிதத்தை மட்டும் பார்க்காமல், அதில் வரி, எஸ்க்ரோ என்று போட்டிருக்கும் தொகையைப் பாருங்கள். தவணையைச் சின்னதாகக் காட்ட மனை வரியைப் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, இது என் துறை இல்லை என்றாலும். இந்த வட்டாரத்து மண் கருப்புக் களிமண். கோவில்பட்டிப் பக்கத்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், கரிசல்தான்: மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வீடு புதிது என்பதற்காக இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கான்க்ரீட் ஊற்றுவதற்கு முன் ஒருமுறை அவர் வந்து பார்க்கட்டும். ஆகஸ்டில் அஸ்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் விடுகிற அக்கம்பக்கத்தாரைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம்.

சொந்த வீட்டு வரிவிலக்குக்கு விண்ணப்பிக்கக் காசு கிடையாது. மதிப்பீட்டு மாவட்டத்தின் தளத்தில் ஓட்டுநர் உரிமத்தின் படத்தை ஏற்றினால் போதும், அதில் புது முகவரி இருக்க வேண்டும். குடிபோன சில வாரத்தில் அரசு முத்திரை மாதிரி ஒன்று அச்சடித்து, விலக்குக்கு விண்ணப்பிக்க இவ்வளவு டாலர் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும். தம்பிக்கும் வந்தது, கட்டியும்விட்டார். உங்களுக்கு வந்தால் கிழித்துப் போடுங்கள்.