வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? அலைன்மென்ட்டுக்கு ஓடும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

"அண்ணாச்சி, வண்டி இடது பக்கமா இழுக்கு. ஒரு அலைன்மென்ட் போட்டு விட்டுருங்க."

திருநெல்வேலியில் இருபத்திரண்டு வருடமாக சஸ்பென்ஷனும் பிரேக்கும் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு நாலைந்து பேராவது இப்படித்தான் பட்டறைக்குள் வருகிறார்கள். நோயையும் அவர்களே சொல்லி, மருந்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வண்டியை வாங்கிப் பார்த்தால், பாதிக்கு மேல் அலைன்மென்ட்டுக்கும் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது) அந்த இழுப்புக்கும் சம்பந்தமே இருக்காது.

போன ஆடி மாதம் ஒரு ஆசிரியர் வந்தார். இரண்டு மாதத்தில் மூன்று இடத்தில் அலைன்மென்ட் செய்திருக்கிறார். அங்கே கொடுத்த மூன்று அளவுச் சீட்டையும் பத்திரமாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூன்றிலும் எல்லா எண்களும் பச்சையாகத்தான், அதாவது சரியான அளவுக்குள்தான் இருந்தன.

"எப்போ இழுக்கு சார்?"

"எப்பவும்தான்."

"காலையில வேலைக்குப் போகும்போதா, சாயங்காலம் திரும்பும்போதா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பாளையங்கோட்டையில் வீடு, பணகுடியில் பள்ளிக்கூடம். போகும்போது நாங்குநேரி தாண்டியதும் இடது பக்கம் நன்றாகவே இழுக்கிறது. திரும்பி வரும்போது அந்த அளவுக்கு இல்லை என்று அப்போதுதான் அவருக்கே ஞாபகம் வந்தது.

அவர் வண்டியில் ஒரு பழுதும் இல்லை. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் தெற்கே போகும்போது அது வலது பக்கத்திலிருந்து வண்டியை இடது பக்கம் தள்ளும். சாலையின் சரிவும் இடது பக்கம்தான். இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. வடக்கே திரும்பி வரும்போது காற்று இடமிருந்து வலமாகத் தள்ள, சாலை வலமிருந்து இடமாகச் சரிய, ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது. வண்டியைத் தூக்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, காற்றடிக்காத ஒரு விடியற்காலையில் அதே சாலையில் ஓட்டிக் காட்டினேன். மூன்று சீட்டுக்கும் கொடுத்த பணம் போனது போனதுதான்.

சாலைச் சரிவைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. மழைத் தண்ணீர் வடிவதற்காகத் தார்ச்சாலையை மட்டமாகப் போட மாட்டார்கள். நூற்றுக்கு 2 முதல் 2.5 பங்கு வரை சரிவு கொடுப்பார்கள். 3.5 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் அது 7 முதல் 9 சென்டிமீட்டர் வரை இறக்கம். இருவழிச் சாலையில் நடு மேடாகவும் இரண்டு ஓரமும் தாழ்வாகவும் இருக்கும். நான்குவழிச் சாலையில் பெரும்பாலும் நடுத்திட்டிலிருந்து வெளி ஓரத்துக்குச் சரிவு. நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால், இரண்டிலும் வண்டி இடது பக்கம் லேசாக ஒதுங்குவது இயற்கை. 70 கிலோமீட்டர் வேகத்தில் அடுத்த கோட்டைத் தொட ஐந்தாறு விநாடி எடுத்துக்கொண்டால், அதாவது நூறு மீட்டர் தூரமாவது நேராகப் போய்விட்டு ஒதுங்கினால், நான் அந்த வண்டியில் கை வைப்பதில்லை. இது என் அனுபவக் கணக்கு.

ஆனால் வண்டி வலது பக்கம் இழுக்கிறது என்றால் விஷயம் வேறு. சரிவை எதிர்த்து மேட்டுப் பக்கம் ஏறுகிறது என்று அர்த்தம். காற்றும் இல்லாத நேரத்தில் அப்படி இழுத்தால் ஏதோ ஒன்று நிச்சயமாகக் கெட்டிருக்கிறது.

சோதித்துப் பார்க்கிறேன் என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைத் தூக்காதீர்கள். பிடியைத் தளர்த்தினால் போதும், உள்ளங்கை வளையத்தைச் சுற்றியே இருக்கட்டும். வெறிச்சோடிய, நேரான ஒரே சாலையில் போகவும் வரவும் ஓட்டிப் பாருங்கள்.

ஸ்டியரிங் கோணலாக இருப்பதையும் பலர் இழுப்பு என்றே சொல்கிறார்கள். வளையம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆனாலும் வண்டி நேராகத்தான் போகிறது என்றால் அது இழுப்பு இல்லை. முன் சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் இருக்கலாம், அல்லது பின் சக்கரங்கள் பார்க்கும் திசை மாறியிருக்கலாம். அதற்கு அலைன்மென்ட்தான் சரியான வைத்தியம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முன் சக்கர டோ தவறினால் டயர் தேயும், ஸ்டியரிங் கோணலாகும். ஆனால் அது மட்டும் வண்டியை ஒரு பக்கம் இழுக்காது. ஓடும்போது இரண்டு முன் சக்கரமும் அந்தத் தவறைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றில் கம்பெனி கொடுத்திருக்கும் முன் சக்கரத் திருத்தம் இந்த டோ ஒன்றுதான். ஆக, இழுப்பு என்று போய் அலைன்மென்ட் செய்தால், இழுப்புக்குக் காரணமில்லாத ஒன்றைத்தான் திருகிக்கொண்டு வருகிறோம். எத்தனை முறை செய்தும் இழுப்பு தீராததற்குக் காரணம் இதுதான்.

உண்மையில் இழுக்கும் வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது டயர்க் கோளாறு. முதலில் காற்று. ஒரு பக்கம் குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று போட்டிருக்கும். அது டயர் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. டயர் 5, 6 டிகிரி சூடேறினாலே காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. கூடிவிடும். வெயிலில் ஓடிவந்து பார்த்துவிட்டு, அதிகமாக இருக்கிறது என்று ஒரு பக்கத்தை மட்டும் இறக்கி விடாதீர்கள்.

காற்று சரியாக இருந்தும் இழுத்தால், டயருக்குள்ளேயே குறை இருக்கலாம். டீக்கடைப் பேப்பர் கப்பைத் தரையில் படுக்க வைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாமல் வட்டமடிக்கும், ஒரு முனை சிறியது என்பதால். ரேடியல் டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பிப் பட்டை தயாரிப்பின்போது மயிரிழை ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால், டயரும் அந்தக் கப் மாதிரிதான் உருளும். பார்வைக்குத் தெரியாது. அலைன்மென்ட் கருவிக்கும் தெரியாது, ஏனென்றால் அது சக்கரம் நிற்கும் கோணத்தை அளக்கிறதே தவிர டயர் உருளும் விதத்தை அல்ல. புது டயர் மாட்டிய மறுநாளே இழுக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. முன் சக்கரம் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இடது பக்கம் இழுத்த வண்டி இப்போது வலது பக்கம் இழுத்தால் குற்றவாளி டயர். அந்த ஜோடியைப் பின்னால் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும், புது டயர் என்றால் விற்றவரிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மாற்றிப் போட்டும் அதே பக்கம் இழுத்தால் டயர் மேல் சந்தேகம் பெரும்பாலும் நீங்கிவிடும். பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் மட்டும் இடம் வலம் மாற்றாமல், அதே பக்கத்தில் முன்னதைப் பின்னதோடு மாற்றுங்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் இருந்தால் அரை மணி நேர வேலை.

இனி பிரேக். இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

குற்றாலம் சீசனில் குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பம். வேறு ஏதோ சின்ன வேலைக்காக வண்டியை நிறுத்தினார்கள். இடது முன் ரிம் மட்டும் கரி படிந்து கறுத்திருந்தது, பக்கத்தில் போனால் கருகிய வாசனை. கேட்டேன். "ஆமா, கொஞ்ச நாளா இடது பக்கமா இழுக்கு. ரோடு அப்படின்னு நெனச்சேன், பழகிட்டு" என்றார். மறுநாள் குழந்தைகளோடு கொடைக்கானல் போவதாக இருந்தார்கள்.

வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன், சுற்றவில்லை. காலிப்பரில் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இருக்கும் பிளீடிங் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) லேசாகத் திறந்ததும் ஆயில் பீச்சியடித்தது, அடுத்த நொடி சக்கரம் லகுவாகச் சுற்றியது. அப்படியென்றால் பிஸ்டனோ, காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் பின் கம்பியோ பிடித்துக்கொள்ளவில்லை, அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் பைப்பைக் கழற்றி வெட்டிப் பார்த்தோம். வெளியே புதுசு போல இருந்தது, உள்ளே உப்பி அடைத்திருந்தது. மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போகிறது, காலை எடுத்த பிறகு திரும்பி வர வழியில்லை. வண்டி ஓடும் நேரமெல்லாம் ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 3 என்பது பிரேக் ஆயிலின் ஒரு தரம். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஆனால் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய டாட் 3-க்குத் தர அளவு 140 டிகிரிதான். கொதித்து ஆவியாகிவிட்டால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. மலை இறக்கத்தில் அது நடந்தால் என்னவாகும் என்று அந்த அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். ஹோஸ் இரண்டு பக்கமும் மாற்றி, டிஸ்க்கில் உரசும் பேட் மாற்றி, பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

வீட்டிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம். பத்துக் கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்த வண்டியை அதற்கு மேல் எடுக்காதீர்கள்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் கணக்கு வேறு. இடது பக்கம் இழுத்தால் எல்லோரும் இடது பக்கத்தைத்தான் கழற்றுகிறார்கள். பெரும்பாலும் அங்கே ஒழுங்காகப் பிடிக்கிறது, வலது பக்கம் பிடிக்கவில்லை, அதனால்தான் இழுக்கிறது. காலிப்பரின் பின் கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் பேடில் பட்டிருக்கும். எதிர்ப்பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மழையில் நனைந்து இரண்டு நாள் நின்ற வண்டி முதல் சில மிதியில் மட்டும் இழுத்துவிட்டுச் சரியானால் பயப்பட வேண்டாம், டிஸ்க்கில் படிந்த துரு அது.

அடுத்தது வளைந்த பாகங்கள். பள்ளத்தில் விழுந்தோ, நடுத்திட்டில் ஏறியோ சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மோ, ஷாக் அப்சார்பர் உள்ள ஸ்ட்ரட்டோ வளைந்தால் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்), கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) இரண்டும் மாறும். இரண்டு பக்கக் கேம்பருக்கும் இடையில் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பொதுவாக இழுப்பு தெரியும். சக்கரத்தின் மேல்பகுதி அதிகமாக வெளியே சாய்ந்திருக்கும் பக்கம் இழுக்கும். கேஸ்டரில் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும்.

இங்கேதான் எனக்கு மனவருத்தம். "கேம்பர் அவுட், பெண்ட் எடுத்துரலாம்" என்று ஹைட்ராலிக் கருவியை ஸ்ட்ரட்டில் மாட்டி வளைத்து, திரையில் எண்ணைப் பச்சையாக்கிக் கொடுக்கிறார்கள். வளைந்தது லோயர் ஆர்ம் என்றால் அது வளைந்தபடியே இருக்கிறது. நல்ல ஸ்ட்ரட்டை அதற்கு ஈடாக வளைத்திருக்கிறார்கள். ஷாக் அப்சார்பரின் உடம்பு வளைந்தால் உள்ளே தண்டு ஒரு பக்கமாக உரசும், சீல் போகும், ஆயில் ஒழுகும். தொழில் கற்ற முதல் சில வருடங்கள் நானும் அந்தக் கருவியைப் பிடித்து வேலை செய்திருக்கிறேன். அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். இன்று செய்ய மாட்டேன். கேம்பர் தானாக மாறாது. எது வளைந்தது, எந்தப் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர்) போனது என்று கண்டுபிடித்து அதை மாற்ற வேண்டும். வளைக்கலாமா என்று கேட்டால், "எதனால மாறியிருக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் என்று ஆடினால் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் என்ஜின் மவுன்டிங்கையும் பாருங்கள். இடது திருப்பத்துக்குப் பிறகு இடது பக்கமும், வலது திருப்பத்துக்குப் பிறகு வலது பக்கமும் இழுத்தால் ஸ்ட்ரட் மேல் பேரிங்கோ பால் ஜாயின்டோ (சக்கரத்தை லோயர் ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு) இறுகியிருக்கிறது. எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வண்டியில் ஸ்டியரிங் வேலை பார்த்த பிறகு இழுத்தால், ஸ்கேனரில் நடு நிலையைத் திரும்பப் பதிந்தார்களா என்று விசாரியுங்கள்.

அலைன்மென்ட் செய்வதென்றால், அதற்கு முன் வண்டியைத் தூக்கி, சக்கரத்தின் இரு பக்கமும் பிடித்து ஒரு முறை, மேலும் கீழும் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்து பயனில்லை. செய்வதற்கு முந்தைய சீட்டு, பிந்தைய சீட்டு இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் மெதுவாக வந்த இழுப்புக்கு. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு பக்கம் இழுத்தால், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடியுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட்டு, இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டுங்கள். முதலில் டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு எந்தச் சக்கரத்திலாவது அனல் அடிக்கிறதா என்று பாருங்கள். அனல் அடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தானாக ஆறட்டும். சமீபத்தில் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் வீல் நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். சக்கரம் சாய்ந்தோ ஒருக்களித்தோ நின்றால் பால் ஜாயின்ட் கழன்றிருக்கலாம். அப்போது பத்தடிகூட நகர்த்த வேண்டாம். எல்லோரையும் இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு, தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.