எண்ணெய் கசியும் ஃபாங் சிற்பங்களைத் துடைக்காதீர்கள்

பழைய மரச்சிற்பங்களைப் பராமரிப்பது என் தொழில். ஆப்பிரிக்கச் சிலை ஒன்றை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "கறுப்பாகப் பிசுபிசுக்கிறது, எதை வைத்துத் துடைக்கலாம்?" அது ஃபாங் மக்களின் மூதாதையர் சிற்பமாக இருந்தால் என் பதில் ஒன்றே: தயவுசெய்து கையை எடுங்கள்.

ஃபாங் மக்கள் காபோன், தெற்குக் கேமரூன், எக்குவடோரியல் கினி நாடுகளின் மழைக்காட்டுப் பகுதியில் வாழ்பவர்கள். குலத்தின் முக்கியமானவர்கள் இறந்தபின் அவர்களின் மண்டையோட்டை எடுத்து, எண்ணெயும் செம்மரத்தூளும் பூசி, மரப்பட்டையாலான உருளைப் பெட்டியில் காத்து வந்தார்கள். பியெரி என்பது அந்த வழிபாடு. நாம் கண்ணாடிப் பேழையில் பார்க்கும் சிற்பம் அந்தப் பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்திருந்த காவல். தீட்சை பெறாதவர்கள் பெட்டியை நெருங்கக் கூடாது.

இதை மனதில் வைத்துப் பார்த்தால்தான் அதன் வடிவம் புரியும். பிட்டத்துக்குக் கீழே ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். மூடியில் செருகுவதற்காகச் செதுக்கியது. கால்கள் குட்டையாக, பெட்டியின் விளிம்பில் தொங்குவதுபோல் இருக்கும். தலை பெரிது, நெற்றி உருண்டு புடைத்தது. அதன் கீழே முகம் இதய வடிவில் குழிந்து, வாய் மட்டும் முன்னே துருத்தும். கண்ணில் சில வேளை பித்தளைத் தகடு மின்னும். உருண்ட தொப்புள், நீண்ட உடல், தசை திரண்ட தோளும் தொடையும். தலையும் வயிறும் குழந்தைக்கு உரியவை, தசையோ வளர்ந்த ஆணுக்கு உரியது. அமெரிக்க மானுடவியலாளர் ஜேம்ஸ் ஃபெர்னாண்டஸ் ஃபாங் மக்களிடமே கேட்டுப் பதிவு செய்தார்: இடமும் வலமும் ஈடாக நிற்காத சிற்பத்துக்கு உயிரில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. இறந்தவரும் பிறக்கப்போகிறவரும் ஒரே உடலில் உட்கார்ந்திருப்பதாகத்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

பாணிகள் பல, உட்பிரிவுகளின் பெயராலேயே அவற்றைச் சொல்வார்கள். வடக்கே நிடுமு சிற்பங்கள் நெடிதாக ஒடுங்கியவை; தெற்கே பெட்சி சிற்பங்கள் குறுகித் திரண்டவை. இங்கும்பா சிற்பங்களில் உலோகத் தகடு அதிகம். பிரெஞ்சு ஆய்வாளர் லூயி பெருவா உடலின் அளவு விகிதங்களை அளந்தே இந்த வகைகளைப் பிரித்தார். ஆனால் ஃபாங் மக்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தவர்கள், செதுக்குபவர்களும் கூடவே நகர்ந்தார்கள். விற்பனையாளர் ஒரே சொல்லில் பாணியை அடித்துச் சொன்னால் நான் உடனே நம்புவதில்லை.

இனி அந்தப் பிசுக்கு. சிற்பத்துக்குத் திரும்பத் திரும்பப் பாமாயில் பூசினார்கள். மரம் அதைக் குடித்துக் குடித்து ஊறிப்போனது. அதனால் அருங்காட்சியகத்துக்கு வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் சில சிற்பங்கள் துளித்துளியாக எண்ணெயைக் கசியவிடுகின்றன. அது அழுக்கு அல்ல, வழிபாடு நடந்ததற்கான நேரடிச் சான்று. ஸ்பிரிட்டோ அசிட்டோனோ தொட்ட பஞ்சை ஒருமுறை இழுத்தால் போதும், அந்தச் சான்று கரைந்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பராமரிப்பாளராலும் முடியாது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. கறுப்பாக இருந்தால்தான் பழசு என்று நம்புகிறவர்களுக்காகவே புதுச் சிற்பத்துக்குச் சாயமும் மெழுகும் ஏற்றி விற்கிறார்கள். மபேயா பிரிவின் பழைய சிற்பங்களோ வெளிர்ந்த செம்பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருப்பவை. நிறத்தை வைத்து வயதைச் சொல்லாதீர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் காலனி அதிகாரிகளும் மிஷனரிகளும் பியெரி வழிபாட்டை ஒடுக்கினார்கள். ஐரோப்பாவுக்கு வந்த சிற்பங்கள் பலவும் பெட்டியையும் எலும்புகளையும் விட்டுப் பிரிந்தே வந்தன. பாரிஸில் இனகாகி என்ற ஜப்பானியக் கைவினைஞர் வணிகர்களுக்காகச் செய்த மரப்பீடங்கள் அழகானவை. ஆனாலும் பெட்டி இருந்த இடத்தில் பீடம் வந்ததும் காவல் தனிச்சிலையாகிவிட்டது. காட்சிக் குறிப்பு எழுதுபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, பெட்டியைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள் என்றுதான்.

உங்களிடம் இப்படி ஒன்று இருந்தால், விளக்கின் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். சூட்டில் எண்ணெய் இளகி வெளியே வரும், தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த இடங்களில் மட்டும் மென்மையான தூரிகையால் தூசி தட்டலாம். முளையை அறுக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் நாரையும் பட்டைத் துணுக்கையும் பிய்க்காதீர்கள். காணாமல்போன பெட்டியைப் பற்றிச் சொல்ல அவை மட்டுமே மிச்சமிருக்கலாம்.