சாஃப்ட் ராக்: இதில் பாறை எங்கிருந்து வந்தது?

போன வாரம் எழுபதுகள், எண்பதுகளின் அமெரிக்கப் பாடல்களைப் பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். பாடகர் பில்லி ஜோயல் திரையில் வந்ததும் பின்னணிக் குரல், "மென்பாறையின் பொற்காலம் அது" என்றது. சாஃப்ட் ராக் என்ற இசை வகையைத்தான் அப்படி மொழிபெயர்த்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை மகன், "மாமா, மென்பாறைன்னா சுண்ணாம்புக்கல்லா?" என்று கேட்டான். பள்ளியில் பாறை வகைகள் பாடம் நடக்கிறதாம். அவன் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. மென்பாறை என்றால் எனக்கும் மாக்கல்தான் நினைவுக்கு வரும். கல்சட்டி குடைகிறார்களே, அந்தக் கல்.

இதை நான் கேட்பது முதல் தடவையாக இருந்தால் விட்டிருப்பேன். வசன வரிகளில், மொழிபெயர்த்த கட்டுரைகளில், பாட்டுச் செயலிகளின் தமிழ்ப் பக்கங்களில் எல்லாம் இந்தப் பாறை உருண்டுகொண்டே இருக்கிறது. மென்பாறை, கடினப் பாறை, பாறை நட்சத்திரம் என்று ஒரு மலையே சேர்ந்துவிட்டது. அதனால் ஒரு முறை உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

சொல்லின் பிறப்பு எளிது. ஆங்கிலத்தில் 'ராக்' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று பெயர், பாறை. பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. இன்னொன்று வினை, ஆட்டு, அசை. இது பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. தொட்டிலை ஆட்டுவதும் அலையில் கப்பல் அசைவதும் இந்த இரண்டாவது ராக். இசைக்குப் பெயரானதும் இதுதான். 1922இல் திரிக்சி ஸ்மித் பாடிய ஒரு ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகை) பாட்டின் தலைப்பிலேயே ராக், ரோல் இரண்டும் இருக்கின்றன. 1951 முதல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து வானொலியில் அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் அந்தச் சேர்க்கையை ஊரெல்லாம் பரப்பினார். ஆட்டமும் உருளலும் சேர்ந்தது ராக் அண்ட் ரோல். அது சுருங்கி ராக் ஆனது. அறுபதுகளின் கடைசியில் மின்கிட்டாரை அலற விட்டவர்களுடையது ஹார்ட் ராக். அதற்கு எதிர்ப்பக்கம் நின்றது சாஃப்ட் ராக்.

'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்று ஒரு குழு இருக்கிறதே, அதில் கல் இல்லையா என்று ஒரு நண்பர் வாதாடினார். இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் மடி வாட்டர்ஸ் 1950இல் பாடிய ஒரு ப்ளூஸ் பாட்டிலிருந்து எடுத்தது. அந்தக் கல்லுக்கும் இந்த ராக்குக்கும் தொடர்பு இல்லை.

ஒரே ஒலியில் இரண்டு சொல் இருப்பது நமக்கும் புதிதல்லவே. ஆறு என்றால் எண், நதி, ஆறிப்போவது. 'காபி ஆறிவிட்டது' என்பதை ஒருவர் ஐந்துக்கு அடுத்த எண்ணை வைத்து மொழிபெயர்த்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதைத்தான் நாம் அவர்கள் சொல்லுக்குச் செய்துகொண்டிருக்கிறோம். இத்தனைக்கும் ராக்கிங் சேர் என்று வந்தால் யாரும் பாறை நாற்காலி என்று எழுதுவதில்லை. ஆடும் நாற்காலி என்று சரியாக எழுதுகிறார்கள். நாற்காலிக்கு இருக்கிற கவனம் பாட்டுக்கு ஏன் இல்லை?

சரி, பாறை போகட்டும். அது கவனக்குறைவு, எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வார்கள். எனக்கு உண்மையான சண்டை 'மெல்லிசை'யோடுதான். சாஃப்ட் ராக்குக்கு மெல்லிசை என்று எழுதுகிறவர்கள் அகராதியைப் பார்க்காதவர்கள் அல்ல. தமிழ் மேல் பற்றுள்ளவர்கள், நான் மதிக்கிறவர்கள். அதனால்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெல்லிசை அழகான சொல். ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார்கள். விஸ்வநாதனையும் ராமமூர்த்தியையும் மெல்லிசை மன்னர்கள் என்கிறோம். கல்யாண வீட்டில் நடப்பது மெல்லிசைக் கச்சேரி. வானொலியில் மெல்லிசைப் பாடல்கள் என்றே தனி நிகழ்ச்சி இருந்தது. ஈழத்து மெல்லிசை என்று ஒரு மரபே உண்டு. இன்னும் பின்னால் போனால் தொல்காப்பியத்தில் 'மெல்லிசை வண்ணம் மெல்லெழுத்து மிகுமே' என்று யாப்பில் ஒரு வண்ணத்துக்கு இந்தப் பெயர் நிற்கிறது. இவ்வளவு பேர் புழங்கும் சொல்லில் பில்லி ஜோயலையும் கார்ப்பென்டர்ஸையும் கொண்டுவந்து உட்கார வைத்தால், படிக்கிறவருக்கு எந்த மெல்லிசை என்று எப்படித் தெரியும்?

இடம் இல்லை என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், இரண்டு சொற்களும் வேறு வேறு எதிர்ச்சொற்களைப் பார்த்து நிற்கின்றன. நம் மெல்லிசைக்கு எதிரே இருப்பது கர்நாடக சங்கீதம். இலக்கணச் சுமை குறைந்த, எல்லோரும் பாடக்கூடிய இசை என்பது அதன் பொருள். சாஃப்ட் ராக்குக்கு எதிரே இருப்பது ஹார்ட் ராக். அங்கே மென்மை என்பது ஒலியின் மென்மை. இலக்கணம் எளிது என்ற பொருள் அதில் இல்லை. ஸ்டீலி டான் போன்றவர்களின் பாட்டில் ஜாஸிலிருந்து வந்த சிக்கலான ஸ்வரக் கூட்டுகள் வரிக்கு வரி மாறும். அதை எளிய இசை என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் அந்த மென்மை எதில் இருக்கிறது? என் காதுக்கு அது பெரும்பாலும் கீபோர்டில் இருக்கிறது. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் இந்தப் பாடல்களிலும் உண்டு, ஆட்டம் நிற்பதில்லை. ஆனால் அலறும் கிட்டார் இருந்த இடத்தில் மின்பியானோ வந்து உட்கார்ந்துவிட்டது. எழுபதுகளில் அது பெரும்பாலும் ரோட்ஸ். ஹரால்ட் ரோட்ஸ் என்பவர் இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்த வீரர்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்க, போர் விமானத்தின் அலுமினியக் குழாய்களை வெட்டி மடியில் வைத்து வாசிக்கும் ஒரு சின்னக் கருவி செய்தார். அதன் வழியில் வந்ததுதான் 73 கட்டைகள் கொண்ட ரோட்ஸ் மின்பியானோ. அதன் உள்ளே பியானோவில் இருப்பது போல நீளத் தந்தி கிடையாது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி. அதோடு இணைந்த ஒரு தடித்த உலோகப் பட்டை. இரண்டும் சேர்ந்து சுருதிக் கவை (டியூனிங் ஃபோர்க்) மாதிரி அதிரும். கட்டையை அழுத்தினால் சின்னச் சுத்தி கம்பியைத் தட்டும். கம்பியின் முனைக்கு எதிரே இருக்கும் காந்தச் சுருள் அந்த அதிர்வை மின்சாரமாக்கும். மெதுவாகத் தொட்டால் கோயில் மணி தூரத்தில் கேட்பது போல வரும். ஓங்கி அழுத்தினால் தொண்டை கரகரக்கும். பில்லி ஜோயலின் 1977 பாட்டு 'ஜஸ்ட் த வே யூ ஆர்', 10சிசி குழுவின் 1975 பாட்டு 'ஐம் நாட் இன் லவ்', இரண்டிலும் முதல் நொடியிலேயே நம்மைப் பிடிப்பது இந்த ஒலிதான். சூப்பர்டிராம்ப் குழு வைத்திருந்தது வுர்லிட்சர் என்ற இன்னொரு மின்பியானோ. அதில் கம்பிக்குப் பதில் எஃகு நாக்கு. கொஞ்சம் கடுகடுவென்று ஒலிக்கும்.

அப்புறம் 1983இல் யமஹா டிஎக்ஸ்7 என்ற மின்னணுக் கீபோர்டு வந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967இல் கண்டுபிடித்த எஃப்எம் முறையில் ஒலி செய்யும் கருவி. ஓர் அலையால் இன்னோர் அலையைக் குலுக்கினால் புதுப்புது நாதம் பிறக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. அதில் சொந்தமாக ஒலி அமைப்பது மிகக் கடினம்: சின்னத் திரை, நூற்றுக்கு மேல் அளவுகள், அவற்றை மாற்ற ஒரே ஒரு தள்ளுகோல். அதனால் பெரும்பாலானவர்கள் கருவியோடு வந்த ஒலிகளையே எடுத்து வாசித்தார்கள். அதிலும் 'ஈ பியானோ 1' என்ற கண்ணாடி போன்ற பியானோ ஒலி சிகாகோ குழு, பில் காலின்ஸ், விட்னி ஹூஸ்டன் என்று எண்பதுகளின் காதல் பாடல்கள் முழுக்கப் பரவிவிட்டது. இன்று ஐம்பது வயது தாண்டிய ஒருவர் அந்தக் காலத்தை நினைத்து ஏங்கினால், பாட்டின் வரி நினைவுக்கு வருவதற்கு முன்பே இந்த ஒலி வந்துவிடும். எனக்கு அப்படித்தான்.

இந்தக் கதை முழுவதும் ராக் என்ற ஒரு குடும்பத்துக்குள் நடந்த கதை. ராக் என்ற சொல்லை எடுத்துவிட்டால் எதிலிருந்து மென்மையானது என்பதே தெரியாமல் போகும். மெல்லிசை என்ற மொழிபெயர்ப்பு அதைத்தான் செய்கிறது.

சரி, ஆட்டு என்ற வினையை வைத்துத் தமிழில் புதிதாகச் செய்யலாமே என்றால், ஆட்டிசை என்று நானே கொஞ்ச நாள் எழுதிப் பார்த்தேன். 'ஆட்டு' என்றதும் ஆட்டுக்கறி, ஆட்டுப்பால்தான் முதலில் வருகிறது. மெல்லாட்டிசை அதைவிட மோசம். விட்டுவிட்டேன்.

என் முடிவு 'மென்ராக்'. ராக்கை அப்படியே வைத்து மென் சேர்ப்பது. எதிர்ப்பக்கம் வேண்டுமானால் வன்ராக். கஜல், கவ்வாலி, ஜாஸ், ப்ளூஸ் எதையும் நாம் மொழிபெயர்க்கவில்லை. இசை வகையின் பெயர் ஊர்ப்பெயர் மாதிரி, அது பிறந்த இடத்தின் பெயரோடு வரட்டும். தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காதே, முன்னால் இகரம் போட வேண்டுமே என்பார்கள். போட்டால் இராக் ஆகும். பாக்தாத் இருக்கும் நாடு. அந்த நாட்டுக்கும் அழகான இசை மரபு உண்டு என்பதால் குழப்பம் இன்னும் கூடும். மென்ராக்கில் ரகரம் சொல்லின் நடுவில் வந்துவிடுவதால் கண்ணுக்கும் உறுத்தாது. தூய தமிழ் இல்லை என்ற குறை எனக்கும் உண்டுதான். ஆனால் பொருள் தவறான தூய சொல்லைவிட, கேட்டதும் புரிகிற கலப்புச் சொல் மேல் என்று நினைக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு இருக்கும் மனக்குறை, பாட்டைக் கேட்காமல் பாட்டைப் பற்றி எழுதுகிறார்கள் என்பதுதான். யாட் ராக் என்று ஒன்று உண்டு. யாட் என்றால் உல்லாசப் படகு. 2005இல் இணையத்தில் வந்த ஒரு தொடரிலிருந்து பரவிய பெயர். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கலிஃபோர்னியாவில் பதிவான வழுவழுப்பான மென்ராக் பாடல்களுக்குப் பின்னாளில் ஒட்டியது. டூபி பிரதர்ஸ் போன்றவர்களின் பாடல்கள். அதே ஆவணப்படத்தில் அது 'படகுப் பாறை' ஆகிவிட்டது. படகும் பாறையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கடற்கரைக்காரர் மனதில் என்ன வரும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள்.

இன்னொன்று, 'விசைப்பலகை'. டிஎக்ஸ்7 வாசித்தவரை 'விசைப்பலகைக் கலைஞர்' என்று சொன்னார்கள். விசைப்பலகை கணினியில் தட்டச்சு செய்யும் பலகைக்கு நாம் வைத்த பெயர். அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது. வாத்தியத்துக்கு அதை இழுக்க வேண்டாம். வாசிக்கும் விசைக்கு நம்மிடம் ஆர்மோனியம் வந்த நாளிலிருந்து ஒரு சொல் இருக்கிறது: கட்டை. 'ஒரு கட்டை சுருதியில் பாடு', 'அஞ்சரைக் கட்டை' என்று பாட்டு வாத்தியார்கள் சொல்வது அந்தக் கட்டையைத்தான். வெள்ளைக் கட்டைக்கு முழு எண், கறுப்புக் கட்டைக்கு அரை; நாலு வெள்ளை, நாலரை கறுப்பு என்று ஒழுங்காக வரும். மூன்றரை கிடையாது, ஏனென்றால் அங்கே கறுப்புக் கட்டை இல்லை.

இதைத் தங்கை மகனுக்குச் சொன்னபோது, அவன் தன் கீபோர்டை எடுத்து வந்து மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தான். பிறகு ஒலிப் பட்டியலில் ஈ பியானோவைத் தேடி எடுத்து, நாலரைக் கட்டையை ஒரு தரம் அழுத்தினான். ஆவணப்படத்தில் கேட்ட அதே ஒலி வந்தது. "இதுவா மாமா மென்பாறை?" என்றான். மென்ராக் என்று சொல்லிக் கொடுத்தேன்.