மின்கடத்தும் பாலிமரை வடிவமைக்கும் சர்ஃபாக்டன்ட் கலவைகள்

அயோடின் ஊட்டப்பட்ட பாலிஅசெட்டிலீன் என்ற பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) உலோகத்துக்கு நெருக்கமாக மின்சாரத்தைக் கடத்தும் என்று ஷிராகாவா, மெக்டயார்மிட், ஹீகர் ஆகிய விஞ்ஞானிகள் 1977இல் காட்டினர். 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அதற்காகவே அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் இவ்வகைப் பாலிமர்களில் பெரும்பாலானவை எளிதில் உருகுவதில்லை, கரைவதுமில்லை. ஆகவே அவற்றுக்கு வேண்டிய வடிவத்தை அவை உருவாகும்போதே கொடுத்துவிட வேண்டியிருக்கிறது.

அதற்குக் கைகொடுப்பவை, சோப்பைப் போல நீரை நாடும் தலையும் நீரை விலக்கும் வாலும் கொண்ட சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள். சோடியம் டோடெசைல் சல்பேட்டின் செறிவு, 25 டிகிரி செல்சியஸில், லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோலைத் தாண்டியதும், மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு மிசெல் எனப்படும் நுண்கோளங்களாகத் திரள்கின்றன. அவற்றின் எதிர்மின் தலைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் பரப்பு நன்றாக வளைந்து, கோள வடிவமே நிலைக்கிறது. இதில் நேர்மின் தலை கொண்ட செட்டில் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடைச் சேர்த்தால், எதிரெதிர் மின்சுமைகள் ஈர்த்துத் தலைகள் நெருங்குகின்றன. வளைவு தளர, கோளம் நீண்டு புழுவைப் போன்ற இழையாகி, பிறகு உள்ளீடற்ற பையாகவும் மாறக்கூடும். இரண்டும் சம அளவை நெருங்கினால் வீழ்படிவே மிஞ்சும். வடிவத்தைத் தீர்மானிப்பது, ஆக, கலவை விகிதம்.

எனினும் பாலிமர் இந்த வடிவத்தை அப்படியே நகலெடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பிர்ரோல் என்ற சிறு வளைய மூலக்கூறுகளைச் சங்கிலியாக இணைத்துப் பாலிமராக்க, ஆக்சிஜனேற்றியான அம்மோனியம் பெர்சல்பேட்டைச் சேர்க்கும்போது, அதன் எதிர்மின் அயனி நேர்மின் சர்ஃபாக்டன்டுடன் கூடி, நீரில் கரையாத அடுக்குப் படிவத்தை உண்டாக்குகிறது. பாலிபிர்ரோல் நுண்கம்பிகளுக்கும் நாடாக்களுக்கும் பல வேளைகளில் அச்சாவது மிசெல் அன்று, இந்தப் படிவமே.

முறுக்கு அச்சு மாவோடு சேர்ந்து வேகாது. இங்கோ அச்சின் ஒரு பகுதி பண்டத்திலேயே தங்கிவிடுகிறது. மின்கடத்தும் நிலையில் பாலிமர்ச் சங்கிலி நேர்மின்சுமை கொண்டிருப்பதால் அதை ஈடுசெய்ய எதிர்மின் அயனி தேவை. எதிர்மின் சர்ஃபாக்டன்ட் அந்த இடத்தை நிரப்பும். பாலிஅனிலின் என்ற மற்றொரு பாலிமரின் நீலநிற வடிவத்தை டோடெசைல் பென்சீன் சல்போனிக் அமிலம் பச்சைநிறக் கடத்தியாக்குவதோடு, தன் நீண்ட வாலால் அதைக் கரிமக் கரைப்பான்களில் கரையவும் வைக்கிறது. நேர்மின் சர்ஃபாக்டன்டுக்கு இந்த வேலை இல்லை. கழுவி நீக்காவிட்டால் அது துகள்களுக்கிடையே மின்காப்பாகவே நிற்கும்.

சங்கிலியின் வளையங்கள் ஒரே தளத்தில் கிடந்தால் எலக்ட்ரான் மேகங்கள் தொடர்ந்து மேற்பொருந்தி மின்னூட்டம் தடையின்றி நகரும். வளையங்கள் முறுக்கிக்கொண்டால் அத்தொடர்ச்சி அறும். சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டால் மின்னூட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதும் எளிதாகும். ஆகவே, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் அழகாகத் தெரியும் நுண்கம்பியை நல்ல கடத்தி என்று உடனே கொண்டாடுவது அவசரம் என்பது என் கருத்து. தூளை அழுத்திச் செய்த வில்லையில் அளக்கப்படும் மின்தடையைப் பெரும்பாலும் கம்பிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களே முடிவுசெய்கின்றன.